தவறு ஏதும் இல்லையே?

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். என் நிரூபணம் சரி. அன்றைக்கும் சரியாகத்தான் இருந்தது, இன்றைக்கும் சரியாகத்தான் இருக்கிறது. அதில் ஒரு வரி பிசகு என்று இதுவரை யாரும் காட்டியதில்லை. தூத்துக்குடி துறைமுகச் சாலையில் ஒரு காலை முழுவதும் லாரிகள் நகராமல் நின்றது உண்மை. இரண்டு சரக்குப் பெட்டிகள் கப்பலைத் தவறவிட்டதும் உண்மை. ஊரறிந்த வியாபாரியான என் அப்பா நடுச்சாலையில் நின்று ஒவ்வொரு ஓட்டுநரிடமாக மன்னிப்புக் கேட்டதும் உண்மை. ஆனால் நிரூபணம் சரி. ஏழு வருடமாக இதை யாரிடம் சொல்லத் தொடங்கினாலும் இரண்டாவது வாக்கியத்திலேயே சிரித்துவிடுகிறார்கள். அதனால்தான் எழுதுகிறேன். (எழுத்தில் யாரும் குறுக்கே விழுந்து பேச முடியாது.)

அப்போது நான் முனைவர் பட்ட ஆய்வில் இருந்தேன். "கம்ப்யூட்டர்ல என்ன படிக்கா?" என்று சொந்தக்காரர்கள் கேட்டால் அப்பா, "மெஷினும் மனுசனும் பேசிக்கிடுதத கணக்குப் போட்டுப் பாக்கா" என்பார். என் வழிகாட்டிப் பேராசிரியையே இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை. பணம் எடுக்கும் இயந்திரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் வரும் ஒவ்வொரு திரையும் ஒரு நிலை. நீங்கள் அழுத்தும் ஒவ்வொரு பொத்தானும் உங்களை ஒரு நிலையிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோகிறது. நிலைகளை வட்டங்களாகவும் பொத்தான்களை அம்புகளாகவும் வரைந்துவிட்டால் அந்த இயந்திரத்தின் மாதிரி கையில் வந்துவிடும். அதன் பிறகு அந்த மாதிரியில் போகக்கூடிய எல்லா வழிகளிலும் ஒரு மென்பொருள் போய்ப் பார்க்கும். எங்கேயாவது மாட்டிக்கொள்ளுமா, கடவுச்சொல் இல்லாமல் பணம் வந்துவிடுமா என்று தேடும். மனிதன் உட்கார்ந்து பார்த்தால் ஆயுள் போதாது. அதுவோ டீ ஆறுவதற்குள் முடித்துவிடும். அப்படி ஒரு வழியிலும் கோளாறு இல்லை என்று அது சொல்லிவிட்டால் அதற்குப் பெயர் நிரூபணம். சோதனை இல்லை, நம்பிக்கை இல்லை, நிரூபணம்.

துறைமுகச் சாலையில் தனியார் சரக்குப் பெட்டி முற்றம் ஒன்று இருந்தது. பெயர் வேண்டாம். (அவர்கள் என்னை மன்னித்துவிட்டார்கள். அவர்களை நான் மன்னிப்பதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.) ஏற்றுமதிப் பெட்டிகள் லாரியில் வந்து, அங்கே இறங்கி, பிறகு கப்பலுக்குப் போகும். வாசலில் காவலாளி ஒரு நோட்டில் வண்டி எண்ணையும் பெட்டி எண்ணையும் எழுதிக்கொண்டு தடுப்புக் கம்பியைத் தூக்குவார். எழுதுவதில் ஓர் எண் மாறினால் பெட்டி ஒரு மூலையிலும் தேடுபவர்கள் இன்னொரு மூலையிலும் இருப்பார்கள். ஓட்டுநரே எண்களைப் பதிந்துவிட்டு உள்ளே போகும்படி ஒரு தொடுதிரை இயந்திரம் வேண்டும் என்று எங்கள் கல்லூரியைக் கேட்டார்கள். பேராசிரியை அந்த வேலையை என்னிடம் கொடுத்தார்.

மொத்தம் நான்கே திரைகள். வணக்கம், வண்டி எண், பெட்டி எண், கடைசியில் எல்லாம் சரியா என்று கேட்கும் திரை. இதற்கு நான் மூன்று வாக்குறுதிகளை நிரூபித்தேன். ஓட்டுநர் சரி என்று சொல்லாமல் கம்பி ஒருநாளும் உயராது. எந்தத் திரையிலும் யாரும் சிக்கிக்கொள்ள மாட்டார்கள், முன்னே போகவோ திரும்பவோ எப்போதும் வழி உண்டு. மூன்றாவது, எந்த நிலையில் இருந்தாலும் அங்கிருந்து வாசல் திறக்கும் நிலைக்குப் போய்ச் சேர முடியும். மென்பொருள் மூன்றுக்கும் பச்சை விளக்குக் காட்டியது. அந்தத் தாளை அச்செடுத்து மில்லர்புரத்தில் எங்கள் வீட்டில் சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒட்டினேன். அம்மா அதற்கும் சேர்த்துச் சூடம் காட்டினாள்.

ஒரே ஒரு இடைஞ்சல். காவலாளியின் அறையில் கம்பியைத் தூக்க ஒரு ஸ்விட்ச் இருந்தது. அது இருந்தால் என் முதல் வாக்குறுதி உடைந்துவிடும். அதை எடுக்கச் சொன்னேன். அவசரத்துக்கு இருக்கட்டும் என்று முற்றத்து மேலாளர் தயங்கினார். இந்த இயந்திரத்தில் அவசரம் என்று ஒரு நிலையே கிடையாது என்று படம் வரைந்து விளக்கினேன். எடுத்துவிட்டார்கள்.

பேராசிரியை நாசரேத்துக்காரர், அதிகம் பேசமாட்டார். திறப்பு விழாவுக்கு ஒரு வாரம் முன்னால், நான்கு ஓட்டுநர்களைக் கூப்பிட்டு அழுத்திப் பார்க்கச் சொன்னால் என்ன என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. நான்கு பேரிடம் காட்டினால் நான்கு பேரைப் பற்றித்தான் தெரியும், நிரூபணம் என்பது எல்லா ஓட்டுநர்களுக்கும், இனிமேல் பிறக்கப்போகிற ஓட்டுநர்களுக்கும் சேர்த்து என்றேன். இதை அப்படியே, இந்தச் சொற்களில், என்னைவிட இருபது வருடம் மூத்த ஒரு பேராசிரியையிடம் சொன்னேன். அவர், "சரிம்மா" என்றார். அந்தச் சரிம்மாவை நான் ஒப்புதல் என்று எடுத்துக்கொண்டேன்.

விழாவுக்கு முதல் நாள் மாலை மேலாளர் கடைசித் திரையைப் பார்த்து முகம் சுளித்தார். அதில் 'உறுதி', 'ரத்து' என்று இரண்டு பொத்தான்கள் இருந்தன. கோர்ட்டு நோட்டீஸ் மாதிரி இருக்கிறது, நம்மிடம் வருகிறவர்களிடம் கொஞ்சம் மரியாதையாகக் கேட்கக்கூடாதா என்றார். கேட்கலாமே. பொத்தானில் என்ன எழுதியிருக்கிறது என்பது என் மாதிரியில் இல்லை. வட்டங்கள் இருக்கின்றன, அம்புகள் இருக்கின்றன. எழுத்தை மாற்றினால் நிரூபணத்துக்கு ஒன்றும் ஆகாது. இதுவும் இன்றுவரை உண்மை. உட்கார்ந்து யோசித்து, என் வாழ்நாளிலேயே மிகப் பணிவான வாக்கியத்தை எழுதினேன்.

'விவரங்களில் தவறு ஏதும் இல்லையே?'

கீழே இரண்டு பொத்தான்கள். 'ஆம்', 'இல்லை'. ஆம் என்றால் தவறு இல்லை என்று பொருள், வாசல் திறக்கும். இல்லை என்றால் ஏதோ தவறு, மறுபடி முதல் திரைக்குப் போகும். (இந்த இடத்திலேயே சிலர் சிரிக்கத் தொடங்குகிறார்கள். தயவுசெய்து பொறுங்கள். எனக்குத் தெரியாமல் போனது உங்களுக்குத் தெரிந்துவிட்டது என்பதற்காக நீங்கள் அறிவாளி ஆகிவிட மாட்டீர்கள்.) அந்த 'யே'யில் எனக்குத் தனிப் பெருமை. மேலாளரும் படித்துப் பார்த்து, இப்போது குடும்பப் பாங்காக இருக்கிறது என்றார்.

அப்பாவுக்குத் தார்ப்பாய், கயிறு வியாபாரம். துறைமுகத்துக்கு வரும் லாரிக்காரர்கள் பாதிப்பேர் எங்கள் கடையில்தான் வாங்குவார்கள். மகள் செய்த மெஷின் என்று ஒரு மாதமாக அவர்களிடம் சொல்லிச் சொல்லி, விழாவன்று முதல் வண்டி யாருடையது என்பதையும் அவரே முடிவு செய்திருந்தார். மிக்கேல் அண்ணாச்சி. கடலுக்குப் போய்க்கொண்டிருந்தவர், முப்பது வயதில் வண்டிக்கு மாறியவர், எங்கள் கடையின் பழைய வாடிக்கையாளர். அன்று அவர் வண்டியில் இருந்தது குளிர்பெட்டி. உள்ளே இறால். அன்றைய கப்பலுக்குப் போகவேண்டிய பெட்டிகள் பகல் பன்னிரண்டு மணிக்குள் முற்றத்துக்குள் வந்தாக வேண்டும். வராத பெட்டிக்கு அடுத்த கப்பல்தான், அதற்கு ஒரு வாரம் ஆகும்.

பத்து மணிக்கு மேலாளர் நாடாவை வெட்டினார். மிக்கேல் அண்ணாச்சியின் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். பிறகு நானே எல்லாரையும் மாடிக்கு அழைத்துப் போய்விட்டேன். அவர் அழுத்துவதை நின்று பார்க்கலாமே என்று மேலாளர் சொன்னார்தான். கூட்டம் நின்றால் அவருக்குக் கூச்சமாக இருக்கும் என்றேன். அது பொய். நான் தயாரித்து வைத்திருந்த உரை நாற்பது நிமிடம், அதைத் தொடங்க எனக்கு அவசரம்.

மாடி அறையில் குளிர்சாதனம், கண்ணாடிச் சன்னல், சுவரில் பெரிய திரை. கீழே இயந்திரம் எந்த நிலையில் இருக்கிறது என்பது அந்தத் திரையின் ஓரத்தில் வரிவரியாக ஓடும்படி செய்திருந்தேன். நான் பேசப் பேச அது ஓடிக்கொண்டே இருந்தது. வண்டி எண், பெட்டி எண், இல்லை, தொடக்கம். வண்டி எண், பெட்டி எண், இல்லை, தொடக்கம். நான் அதைச் சுட்டிக்காட்டினேன். பாருங்கள், எத்தனை பேர் அழுத்தினாலும் எங்கேயும் சிக்கவில்லை என்றேன். எல்லாரும் கைதட்டினார்கள். பேராசிரியை மட்டும் தட்டவில்லை, அந்த ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா பின்வரிசையிலிருந்து, அது என்ன ஒரே மாதிரி வந்துகிட்டே இருக்கு என்று கேட்டார். அதற்குப் பெயர்தான் ஒழுங்கு என்றேன்.

வெளியே ஆரன் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. துறைமுகச் சாலையில் ஆரன் கேட்காவிட்டால்தான் கவலைப்பட வேண்டும். மூன்றாவது வாக்குறுதிக்கு நான் வந்தபோது காவலாளி மேலே ஏறி வந்து மேலாளரின் காதில் ஏதோ சொன்னார். மேலாளர் எழுந்து சன்னலருகே போனார். திரும்பி என்னைப் பார்த்த பார்வையில் குடும்பப் பாங்கு எதுவும் இல்லை.

கீழே போய்ப் பார்த்தேன். மிக்கேல் அண்ணாச்சியின் வண்டி நின்ற இடத்திலேயே நின்றது. அதற்குப் பின்னால் வண்டிகள் முற்றத்து வளைவைத் தாண்டி, பிரதான சாலையில் ஏறி, உப்பளத்துப் பக்கம் கண்ணுக்கு எட்டுகிற வரை நின்றன. பின்வண்டி ஓட்டுநர்கள் எல்லாரும் இறங்கி வந்து இயந்திரத்தைச் சூழ்ந்திருந்தார்கள். ஒருவர் மாற்றி ஒருவர் தாங்களும் அழுத்திப் பார்த்திருக்கிறார்கள். எல்லாருக்கும் அது வணக்கம் சொல்லியிருக்கிறது.

இந்த இடத்தில் நான் நிதானமாக நடந்திருக்கலாம். நான் அப்படி நடக்கவில்லை. மாடித் திரையில் ஓடிய வரிகளில் நான் பார்த்தது இதுதான்: ஓட்டுநர்கள் ஒவ்வொரு முறையும் 'இல்லை'யை அழுத்துகிறார்கள். அதாவது எண்ணில் தவறு இருக்கிறது என்று அவர்களே ஒப்புக்கொள்கிறார்கள். என் இயந்திரமோ மரியாதையாக மறுபடி வாய்ப்புக் கொடுக்கிறது. இத்தனை பெரிய ஆட்களுக்குத் தங்கள் வண்டி எண்ணைச் சரியாகப் பதியத் தெரியவில்லையா? எனக்குக் கோபம் தலைக்கேறியது. இருபத்தைந்து வருடம் வண்டி ஓட்டுகிறவர்களுக்குத் தங்கள் வண்டி எண் தெரியாதா என்று உரக்கக் கேட்டேன். நாற்பது ஓட்டுநர்கள் முன்னால், அதில் பாதிப்பேர் அப்பாவின் வாடிக்கையாளர்கள். அப்பா பின்னாலிருந்து, "ஏளா ராணி" என்று மெதுவாகச் சொன்னது காதில் விழுந்தது. நான் நிறுத்தவில்லை.

மிக்கேல் அண்ணாச்சி கோபப்படவில்லை. அவர் கவலையெல்லாம் பெட்டியில் இருந்தது. மணி பதினொன்றைத் தாண்டியிருந்தது.

"தங்கச்சி, கண்ணாடிய வண்டியில வச்சிட்டேன். நான் நம்பரப் போடுதேன். நீயே பாரு, நீயே வாசி, நீயே பதிலும் சொல்லு. நீ சொல்லுதத நான் அழுத்துதேன்" என்றார்.

நியாயமான ஏற்பாடு. அவர் வண்டி எண்ணைப் பதிந்தார். வண்டியைப் பார்த்தேன், சரி. பெட்டி எண்ணைப் பதிந்தார். பெட்டியைப் பார்த்தேன், சரி. கடைசித் திரை வந்தது. நான் கூட்டம் முழுவதற்கும் கேட்கும்படி வாசித்தேன்.

"விவரங்களில் தவறு ஏதும் இல்லையே?"

"சொல்லு தங்கச்சி. தப்பு இருக்கா?"

"இல்லை" என்றேன்.

அவர் 'இல்லை'யை அழுத்தினார். திரை மாறியது. 'வணக்கம். தொடங்கத் திரையைத் தொடவும்.'

யாரும் உடனே சிரிக்கவில்லை. அதுதான் கொடுமை. ஒரு நிமிடம் போல எல்லாரும் என் முகத்தையே பார்த்தார்கள். ஆமாம் என்றால் 'ஆம், தவறு இல்லை' என்று பொருள், இலக்கணப்படி அதுவும் சரிதான் என்று ஆரம்பித்தேன். மிக்கேல் அண்ணாச்சி குறுக்கிட்டார். "ஆமான்னு அழுத்துனா தப்பு இருக்குன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரில்லா ஆயிரும். பெட்டிய ஓரங்கட்டி வச்சுட்டா எறால் என்ன ஆகும்?" அங்கே நின்ற அத்தனை பேரும் அதை நினைத்துத்தான் ஆம் பொத்தானைத் தொடாமலே இருந்திருக்கிறார்கள். அத்தனை பேரும் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார்கள். உண்மை சொன்னவரையெல்லாம் என் இயந்திரம் திருப்பி அனுப்பியிருக்கிறது.

பிறகு சிரிப்பு வந்தது. முன்வரிசையில் தொடங்கி, ஒருவர் இன்னொருவருக்கு விளக்க விளக்க, சாலை நெடுகப் பின்னால் போனது. உப்பளத்துப் பக்கம் அது போய்ச் சேர்ந்ததை நான் நின்ற இடத்திலிருந்தே கேட்டேன். "ஏலே, பொய் சொன்னாத்தான் உள்ள விடுமாம்லே" என்று யாரோ கத்தினார்கள்.

ஆம் என்று அழுத்திவிட்டால் வாசல் திறந்துவிடும்தான். ஆனால் அதற்குள் ஆளுக்கொரு கையாக அழுத்தியதில் எந்த வண்டியின் எண் திரையில் இருக்கிறது என்பதே குழம்பியது. நான் ஆம் என்று கத்த, பழகிய கை இல்லை என்று அழுத்த, மறுபடி வணக்கம். மேலாளர் கையால் கம்பியைத் தூக்கிவிடலாம் என்று காவலாளியின் அறைக்கு ஓடினார். ஓடிய பிறகுதான் அங்கே ஸ்விட்ச் இல்லை என்பது அவருக்கு நினைவு வந்தது. அறை வாசலில் நின்றபடி என்னைப் பார்த்தார். நான் வேறுபக்கம் பார்த்தேன்.

காரியத்தை முடித்தவர் அப்பா. ஓட்டுநர் ஒருவரின் வண்டியிலிருந்து தார்ப்பாய் ஒட்டுகிற டேப்பை வாங்கினார். சட்டைப்பையில் இருந்த கடைச் சீட்டைக் கிழித்து, ஒரு துண்டில் 'சரியா இருக்கு' என்றும் இன்னொன்றில் 'தப்பா இருக்கு' என்றும் எழுதினார். என் பணிவான வாக்கியத்தை டேப்பால் முழுவதும் மறைத்து, இரண்டு பொத்தான்களின் மேலும் சீட்டுகளை ஒட்டினார்; மற்றத் திரைகளில் அந்த இடங்கள் காலிதான். முழுதாக இரண்டு நிமிடம் ஆகியிருக்காது. ஆறு மாதம் நான் உழைத்த திரை, பலசரக்குக் கடை விலைப்பலகை மாதிரி ஆகிவிட்டது. மிக்கேல் அண்ணாச்சி கண்ணாடிகூட இல்லாமல் எண்களைப் போட்டு, 'சரியா இருக்கு' என்பதைத் தொட்டார். கம்பி உயர்ந்தது. அப்பா, அவர் போன பிறகு ஒவ்வொரு வண்டியாக நடந்துபோய், ஓட்டுநரிடம், பிள்ளை சின்னப்பிள்ளை, மனசுல வச்சுக்கிடாதீங்க என்று சொல்லிக்கொண்டு போனார். எனக்கு அப்போது இருபத்தாறு வயது.

பன்னிரண்டுக்குள் கிட்டத்தட்ட எல்லா வண்டிகளும் உள்ளே போய்விட்டன. கடைசி இரண்டு போகவில்லை. இரண்டிலும் இறால் இல்லை, மிளகாய் வற்றல்தான், கெட்டுப்போகாது என்று மேலாளர் சொன்னார். அவர் ஆறுதலுக்குச் சொன்னாரா என்று தெரியவில்லை. அந்த ஓட்டுநர்கள் இருவரும் கயத்தாறு பக்கத்துக்காரர்கள். சோறு தின்னக்கூட இறங்காமல் வண்டியிலேயே உட்கார்ந்திருந்தார்கள். அவர்களிடம் போய் என் நிரூபணம் சரி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த ஒரு முறைதான் வரவில்லை.

பேராசிரியையின் காரில் கல்லூரிக்குத் திரும்பினோம். பாதி வழியில், "மூணாவது வாக்குறுதியை ஒரு தடவை சொல்லு" என்றார். எந்த நிலையில் இருந்தாலும் வாசல் திறக்கும் நிலைக்குப் போய்ச் சேர முடியும் என்றேன்.

"முடியும்னுதானே நிரூபிச்ச. போவாங்கன்னு இல்லையே?"

இல்லை என்று வாயைத் திறந்து, ஆம் என்று மாற்றி, கடைசியில் தலையை மட்டும் ஆட்டிவைத்தேன். எத்தனை முறை சுற்றிச் சுற்றி வந்தாலும் வழி இருந்துகொண்டேதான் இருந்தது. அதில் போகத்தான் யாராலும் முடியவில்லை. மாதிரியில் சொற்களும் சேர வேண்டும், சொற்களை வாசிக்கிற ஆட்களும் சேர வேண்டும் என்று ஒரு முழு அத்தியாயத்தை அவர் என்னை எழுதவைத்தார். அந்த அத்தியாயத்துக்காக ஓட்டுநர்களை ஆய்வகத்துக்கு அழைத்து உட்காரவைத்தேன். முதலில் வந்தவர் மிக்கேல் அண்ணாச்சி. இந்த முறை கண்ணாடியோடு வந்து, மூன்று இடங்களில் மாட்டிக்கொண்டு காட்டினார். பட்டம் கிடைத்ததற்குக் காரணமே அந்த அத்தியாயம்தான் என்று தேர்வாளர்கள் சொன்னார்கள். என் நிரூபணம் இருந்த மூன்று அத்தியாயங்களைப் பற்றி அவர்கள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இதையும் நான் மறக்கவில்லை.

வீட்டில் இது ஒரு வியாதியாகிவிட்டது. தம்பியிடம் அம்மா "சோறு வேண்டாமா?" என்று கேட்டால், அவன் எந்தப் பொத்தான் என்று கேட்பான். கடைக்கு வருகிறவர்கள் கயிறு இல்லையா என்று கேட்டால் அப்பா கயிற்றை எடுத்துக் கல்லாமேல் வைத்துவிட்டு வாயைத் திறக்காமல் நிற்பார்.

உச்சம் என் நிச்சயதார்த்தத்தில் நடந்தது. மாப்பிள்ளையின் தாய்மாமா, திருச்செந்தூர்க்காரர், பாவம் ஒன்றும் அறியாதவர். தாம்பூலத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு சபையில் வழக்கமான மரியாதைக்குக் கேட்டார். "பொண்ணுக்கு ஆட்சேபணை ஒண்ணும் இல்லையே?"

எங்கள் பக்கத்து நாற்காலிகள் முழுவதும் சட்டென்று பேச்சை நிறுத்தின. மூன்றாவது வரிசையிலிருந்து மிக்கேல் அண்ணாச்சி, "தங்கச்சி, பாத்து அழுத்து" என்றார். மாப்பிள்ளை வீட்டார் முகம் வெளிறிவிட்டது. அப்பா எழுந்து நின்று, தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம், கேள்வியை மட்டும் கொஞ்சம் நேராகக் கேளுங்கள் என்று கும்பிட்டார். அதற்குப் பிறகு அவர்களுக்கு முழுக் கதையையும் சொல்ல வேண்டியதாயிற்று. நல்ல நேரம் முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போதுதான் தட்டு மாறியது. எல்லாரையும்விட அதிக நேரம் சிரித்தவர் மாப்பிள்ளை.

அவர் நல்லவர், அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்தச் சிரிப்பை நான் குறித்து வைத்துக்கொண்டேன். கல்யாணம் ஆன பிறகு எங்களுக்குள் சண்டை வந்து, ஒரு மணி நேரம் பேசாமல் இருந்து, கடைசியில் அவர் சமையலறை வாசலில் வந்து நின்று, "கோபம் ஒண்ணும் இல்லையே?" என்று கேட்பார்.

"ஆம்" என்பேன்.

அது எந்த ஆம் என்று இதுவரை நான் விளக்கியதில்லை. அவர் சற்று நேரம் அங்கேயே நின்று யோசிப்பார். பிறகு எதற்கும் இருக்கட்டும் என்று டீ போடத் தொடங்கிவிடுவார்.